பயணத்தின் நோக்கம்

புக்கிட் பாத்தோக்,
சிங்கப்பூர்
3 பிப்ரவரி 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். காசெல் நகரில் பனி எவ்வளவு, நீ எப்படி இருக்கிறாய், எழுது.

புது வீட்டில் பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. சன்னலுக்கு வெளியே வெட்டிய குன்று. சிவப்பு மண். காலையில் கம்பெனி பஸ் கீழேயே வருகிறது. ஜூரோங் கப்பல் பட்டறை அலுவலகத்தில் எனக்கு விபத்து அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலை. 'இடது கை, மூன்று விரல்.' முற்றுப்புள்ளி. தத்துவம் படித்தவளுக்கு இதுவே அதிகம் என்று சில நாள் தோன்றுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஓஃபிர் ரோடு கோவிலிலிருந்து செப்டம்பரில் ஒரு குழு ஐரோப்பாவுக்குத் திருயாத்திரை போகிறது. முதலில் பிரான்சில் லூர்து, பிறகு ரோம். அருளானந்தம் மாமா ஏற்பாடு. அம்மா என்னிடம் சொல்லாமலே பெயர் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் ஒரு விவாதம். விருப்பமுள்ளவர்கள் மருத்துவக் காப்புறுதி எடுத்துக்கொள்ளலாம் என்று மாமா அறிவித்தார். அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மாதாவப் பாக்கப் போறேன். ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிட்டா போவாங்க?"

ரூபி ஆன்ட்டியை உனக்கு நினைவிருக்கும். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவரும் போகிறார். "மாதா குணமாக்குவாங்க லா, அந்தோனியம்மா. ஆனா நீ படியில விழுந்தா தூக்கிட்டுப் போக மாதாவா வருவாங்க?"

சிரிப்பு. ஆனால் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஐரோப்பாவுக்குப் போகிற பயணிக்குக் காப்புறுதி வேண்டுமா, வேண்டாமா? இல்லாமல் போனால் உள்ளே விட மாட்டார்களா? நோய் வந்தால் என்ன செய்வார்கள்? நீ அங்கே நான்கு வருடமாக இருக்கிறாய். நீதான் சொல்ல வேண்டும்.

நான் போகவில்லை. விடுப்பு கிடையாது.

உன் பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
பிரிஜட்


இயேசு மரி சூசை

காசெல், மேற்கு ஜெர்மனி
24 பிப்ரவரி 1985

அன்புத் தங்கை பிரிஜட்டுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி? உன் தலைவலி விட்டதா? இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நீ தாளின் தலையில் மூன்று திருப்பெயர்களை எழுதுவதை விட்டுவிட்டாய். பல்கலைக்கழகத்தில் மறந்தாயா, வேண்டாமென்று விட்டாயா? கோபமில்லை. கண்ணில் பட்டது.

காப்புறுதி கட்டாயமா? இல்லை. எல்லையில் கடவுச்சீட்டை மட்டும் பார்க்கிறார்கள். தேவையா? தேவை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இங்கே மருத்துவரிடம் போனால் 'உடம்புக்கு என்ன' என்பது இரண்டாவது கேள்வி. 'எந்தக் காப்புறுதி' என்பதுதான் முதல் கேள்வி. மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண் கேட்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள். காப்புறுதிச் சீட்டை நீட்டினால் வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்வாள். சீட்டு இல்லையென்றாலும் உட்காரத்தான் சொல்வாள். ஆனால் குரல் வேறு. காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி. நிறைய சிறு மீன்கள். அடியில் கல்லோடு கல்லாக ஒரு பெரிய மீன், அசையாமல். யாராவது அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அம்மாவுக்கு எடுத்துவிடு. வயதானவர். புது ஊர், புதுப் படிகள், குளிர்.

நான் மேல்மாடி அறையிலிருந்து கீழ்த்தள அறைக்கு மாறிவிட்டேன். முகவரி அதேதான். அறை பாதி தரைக்குள். சன்னலில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். எத்தனை விதமான நடை.

அம்மாவின் கைகளை என் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்


புக்கிட் பாத்தோக்,
17 மார்ச் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. என் தலைவலி என்னோடு நன்றாகப் பழகிவிட்டது.

உன் கடிதத்தை வழக்கம்போல அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் தொட்டி வரும் இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கிச் செபமாலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நீ யாருக்குத் துணையாக அந்த மருத்துவரிடம் போனாய்?

நேற்று அம்மாவை டன்லப் தெருவுக்கு அழைத்துப் போனேன். அப்துல் அஜீஸ் துணிக்கடை மாடியில் ரவூப் என்று ஒரு காப்புறுதி முகவர். மின்விசிறிக்குப் பயந்து எல்லாத் தாளின் மேலும் ஏதாவது ஒரு பாரம். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் கேள்வியை மறுபடியும் கேட்டார். மாதாவை நம்புகிறவளுக்கு இது எதற்கு?

ரவூப் சிரித்துவிட்டார். "எங்க வாப்பா சொல்றதத்தான் நீங்களும் சொல்றீங்க ஆன்ட்டி. 'படைச்சவன் மேல நம்பிக்க இல்லாதவன் செய்ற வியாபாரம்டா இது'ம்பார். நான் பாலிசி விக்க ஆரம்பிச்சதுலேருந்து எங்கிட்ட சரியாப் பேசறதில்ல."

"அப்ப வாப்பாவுக்கு ஒடம்பு முடியலைன்னா?"

"நான்தான் பாக்கணும். அவரோட பாலிசி நான்தான்."

அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறகு வரிசையாகக் கேள்விகள். எலும்பு முறிந்தால்? உண்டு. திடீர்க் காய்ச்சல்? உண்டு, டாக்டர் தங்குமிடத்துக்கே வருவார். பல்? கிடையாது. "பல்லுதானே லா மொதல்ல போகும்?" செத்துப்போனால்? பெட்டியில் வைத்து ஊர் கொண்டு வந்து சேர்ப்பார்கள். அம்மா இதற்குத் தலையாட்டினார், நல்ல ஏற்பாடு என்பதுபோல. ஏற்கெனவே இருக்கும் நோய்? கிடையவே கிடையாது.

குடும்பத்தில் என்ன நோய் என்று ரவூப் கேட்டார். "அவங்கப்பாவுக்குச் சக்கர. கால எடுத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தார்." பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னார்.

கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறாராம்.

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். நம்பிக்கையும் காப்புறுதியும் ஏன் சண்டை போட வேண்டும்? இரண்டும் இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றித்தானே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
பிரிஜட்


இயேசு மரி சூசை

காசெல்,
14 ஏப்ரல் 1985

அன்புத் தங்கைக்கு,

அம்மாவும் நீயும் சுகம்தானே?

ஈஸ்டர் வந்து போயிற்று. கோவில் இரண்டு தெரு தள்ளி. மணிச் சத்தம் அறைக்கே வருகிறது.

ஒரு சின்ன விஷயம். அப்பாவுக்குக் காலில் முதலில் எந்த இடத்தில் வந்தது? எப்படி ஆரம்பித்தது? நான் அப்போது இரவு வேலையில் இருந்தேன், பாதி நாள் வீட்டிலேயே இல்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது. அம்மாவிடம் கேட்க வேண்டாம். வருத்தப்படுவார்.

அம்மாவுக்குக் காப்புறுதி எடுப்பதைத் தள்ளிப்போடாதே.

மற்றவை பிறகு.

ஆம்ப்ரோஸ்


புக்கிட் பாத்தோக்,
5 மே 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நினைவிருக்கிறது. வலது கால், சுண்டு விரல் ஓரம். திருநாளுக்கு வாங்கிய புதுச் சப்பாத்து கடித்துவிட்டது. பட்டாணி அளவு கொப்புளம். வலிக்கவில்லை என்றார். வலிக்காததால் யாரிடமும் காட்டவில்லை. பிறகு ஒரு நாள் காலுறையைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். வாடைதான் முதலில் தெரிந்தது. எத்தனை குவளை தண்ணீர் குடித்தாலும் அப்பாவுக்குத் தாகம் அடங்காது. அதையும் நாங்கள் வெயில் என்று நினைத்தோம்.

ஏன் கேட்கிறாய்?

கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த வரிகளைத் தாண்டினேன். அம்மா கையை நீட்டிக் கடிதத்தைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தார், மெதுவாக, விரலை வைத்து. முடித்ததும் அரிசி களையப் போய்விட்டார்.

தங்கை,
பிரிஜட்


புக்கிட் பாத்தோக்,
9 ஜூன் 1985

அண்ணே,

பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதை இன்றே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று அம்மா தானாகவே, "வா, அந்த ரவூப் தம்பிகிட்டப் போவோம்" என்றார். போனோம். விண்ணப்பத்தில் உள்ள கேள்விகளை ரவூப் தமிழில் படித்தார். "எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு சொன்னாப் போதும் ஆன்ட்டி. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்."

நெஞ்சு வலி? இல்லை. ஆஸ்துமா? இல்லை. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் பயணத்தோட நோக்கம் நோய்க்குச் சிகிச்ச தேடுறதா?"

"ஆமா."

ரவூப் பேனாவைத் தூக்கிவிட்டார். "ஆன்ட்டி, அப்படிச் சொன்னா பாலிசியே கெடைக்காது."

"லூர்துக்குப் பின்ன எதுக்குப் போறாங்களாம்? படம் புடிக்கவா?"

"அது இல்ல ஆன்ட்டி. இது டாக்டர், ஆஸ்பத்திரி, அந்தச் சிகிச்ச."

"குணமாகணும்னு கேக்கத்தான் போறேன். பொய் சொல்லிக் கையெழுத்து வாங்காதீங்க தம்பி."

நான் குறுக்கே பேசினேன். அம்மாவுக்கு என்ன நோய், என்னிடம் ஏன் சொல்லவில்லை? சத்தமாகவே கேட்டிருப்பேன். கீழே துணி அளந்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன யாருக்கு?"

"அவன் சொல்லட்டும்."

ரவூப் குறுக்கே வந்தார். "அப்ப போறது வேற ஆளு, நோயாளி வேற ஆளு. சரிதானே ஆன்ட்டி? இந்தக் கேள்வி போற ஆளப் பத்தித்தான். உங்களுக்கு 'இல்ல'ங்கிறதுதான் உண்மையான பதில்." அம்மா அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் என்னிடம் சொன்னார். கிறிஸ்துமஸ் கடிதத்தில் நீ 'நான் இங்கு சுகம்' என்று எழுதியிருந்தாயாம். அதற்குப் பிறகு எழுதவே இல்லையாம். எங்கள் சுகத்தை மட்டும் கேட்கிறாயாம்.

"மறந்திருப்பான்மா."

"மூணு பேரையும் தலையில எழுதிட்டு அதுக்குக் கீழ பொய் எழுத மாட்டான் எம்புள்ள. அதான் எழுதாமத் தாண்டிட்டான்."

வீட்டுக்கு வந்து செபமாலைப் பெட்டியைத் திறந்து உன் கடிதங்களைப் பார்த்தேன். சரிதான். பிப்ரவரி, ஏப்ரல், இரண்டிலும் இல்லை. நான் இதையெல்லாம் சத்தமாகப் படித்தவள். கீழ்த்தள அறை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோவிலின் மணியை அறையிலிருந்து கேட்ட ஈஸ்டர்.

எந்தக் கால், அண்ணே?

பிரிஜட்


இயேசு மரி சூசை

புக்கிட் பாத்தோக்
30.6.85

அய்யா ஆம்ப்ரோசுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் வலிக்குது. அது சாகிற மட்டும் இருக்கும். நீ சுகமான்னு கேக்க மாட்டேன். கேட்டா உனக்குச் சங்கடம்.

வெறுங்காலோட நடக்காதே. இறுக்கமா எதுவும் போடாதே. காலில் ஈரம் நிக்கக் கூடாது. சுடுதண்ணி வைக்காதே, உங்கப்பா அப்படித்தான் வெந்துபோனது தெரியாம இருந்தார். சீனி போட்டுக் குடிக்காதே. ரொட்டியைக் குறை.

செப்டம்பர் 17 லூர்து வந்து சேருவோம். நீ அங்க வா. நீ வரலேன்னா நான் உன் ஊருக்கு வருவேன். எனக்குத் தமிழும் மலாயும் தெரியும். அது போதும்.

பிரிஜட் ராத்திரியில முழிச்சிருக்கா. அவளுக்கு ஒரு வரி போடு.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அம்மா


இயேசு மரி சூசை

காசெல்,
21 ஜூலை 1985

பிரிஜட்,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை.

எழுதிப் பார்த்தேன். எழுத முடிகிறது.

இடது கால். பெருவிரலுக்குக் கீழே. சனவரியில் பனிச் சப்பாத்து கடித்தது. வலிக்கவில்லை. மருந்துக் கடையில் களிம்பும் துணியும் வாங்கிக் கட்டுகிறேன். மூடுவதுபோல இருக்கும், மறுபடி திறக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். இடுப்புவாருக்குப் புது ஓட்டை போட்டுத்தான் கால்சட்டை நிற்கிறது.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பாய். லென்ஸ் தேய்க்கும் பட்டறையை முதலாளி சனவரியோடு மூடிவிட்டார். வயதாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. இங்கே காப்புறுதிச் சீட்டு வேலையோடு ஒட்டியது. வேலை போனதும் அதுவும் போயிற்று. சில்லறை வேலைகள் செய்கிறேன். அவற்றுக்குச் சீட்டு கிடையாது. ஒருமுறை போனேன். மேசைப் பெண் கேட்டாள். இல்லை என்றேன். உட்காரச் சொன்னாள். மீன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். பெயர் கூப்பிடுவதற்கு முன் எழுந்து வந்துவிட்டேன். யாரும் துரத்தவில்லை. அதுதான் வேடிக்கை.

ஜூரோங் கேமரா தொழிற்சாலை மூடியபோது எல்லோரும் வேறு வேலைக்குப் போனார்கள். நான்தான் பெரிதாகப் பேசிக்கொண்டு இங்கே வந்தேன். இங்கேயும் மூடிவிட்டது என்று எழுத வெட்கம். அவ்வளவுதான் காரணம். எழுதினால் ஒரு பக்கம்கூட வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். நானே ஐரோப்பாவில்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு எடுத்ததுபோல எனக்கு அங்கிருந்து பாலிசி எடுக்க முடியுமா? ரவூப்பைக் கேட்டுச் சொல்.

லூர்துக்கு வரமாட்டேன். அம்மா அப்பாவின் காலைப் பார்த்தவர். இன்னொரு முறை பார்க்க வேண்டாம்.

ஆம்ப்ரோஸ்


புக்கிட் பாத்தோக்,
6 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்று எழுதியதை அம்மா முத்தமிட்டார். உண்மையாகத்தான் சொல்கிறேன். தாளை.

ரவூப்பைக் கேட்டேன். முடியாது. ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத்தான், அதுவும் நோய் வருவதற்கு முன். அம்மா விடவில்லை. "அப்ப என் பேர எடுத்துட்டு அவன் பேர எழுதுங்க. நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?" ரவூப் வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். முகவர் என்பதற்காக அல்ல, ஒரு வழி கிடைக்காதா என்று. "மாத்த முடியாது ஆன்ட்டி. அவங்கவங்க ஒடம்புக்குத்தான்." பிறகு என்னிடம், "தங்கச்சி, ஊருக்குக் கூட்டிட்டு வந்துருங்க. இங்க நம்ம ஆஸ்பத்திரி இருக்கு. இதுதான் என்னால சொல்ல முடிஞ்சது" என்றார். கீழே வரை வந்து டாக்ஸி பிடித்துக் கொடுத்தார்.

ரூபி ஆன்ட்டியிடமும் சொன்னேன். மன்னித்துக்கொள். எந்த நிறம், வாடை உண்டா, காய்ச்சல் உண்டா என்றெல்லாம் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "செப்டம்பர் வரைக்கும் தள்ளக் கூடாது. இப்பவே போகச் சொல்லு" என்றார். நானும் சொல்கிறேன். எழுந்து வராதே. உட்கார்.

நீ போகமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். ஆகவே இது: ரோமிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு வழி டிக்கெட், குழு திரும்பும் அதே விமானம், உன் பெயரில். அம்மா கைப்பையில் இருக்கும். பயன்படுத்துவதும் விடுவதும் உன் இஷ்டம். லூர்தில் தங்கும் விடுதியின் முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

வெட்கம் என்று எழுதியிருந்தாய். இங்கே தினமும் நான் தட்டச்சு செய்யும் அறிக்கைகளில் அந்த வார்த்தைக்கு இடம் இல்லை. எந்த உறுப்பு, எந்த நாள், முதலில் யாரிடம் சொன்னார். கடைசிக் கேள்விக்கு நிறைய பேர் எழுதுவது: யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா பார்க்கக் கூடாது என்கிறாய். அவர் பிப்ரவரியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தங்கை,
பிரிஜட்


இயேசு மரி சூசை

லூர்து,
19 செப்டம்பர் 1985

பிரிஜட்,

நீ சுகமா? தனியாக இருக்கிறாய். சாப்பிடுகிறாயா?

வந்துவிட்டேன். நீ சொன்னபடி டாக்டரிடம் போகவில்லை. ரயில் ஏறினேன், அவ்வளவுதான் முடிந்தது. இறங்கி நடந்து விடுதி வாசலுக்கு வந்தபோது அம்மா வெளியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், இரண்டு சுவெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. என் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்க்கவே இல்லை. "சாப்புட்டியா?" என்றார்.

காலைப் பார்த்தது ரூபி ஆன்ட்டி. கட்டைப் பிரித்தார். "படிச்சவனாடா நீ? ஒரு நாய்க்குட்டிக்கு இப்படி ஆனாக்கூடத் தூக்கிட்டு ஓடுவாங்களே" என்று திட்டிக்கொண்டே சுத்தம் செய்தார். அவர் திட்டியது எனக்கு நன்றாக இருந்தது.

நேற்று நீராடும் இடத்துக்குப் போனோம். மாதா காட்சி தந்த குகைக்குப் பக்கத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. உலகத்தின் எல்லா நோயும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. யாரும் யாரிடமும் சீட்டு கேட்கவில்லை. நானும் உட்காரப் போனேன். ரூபி ஆன்ட்டி கையைப் பிடித்து இழுத்தார். "தொறந்த புண்ணு. தண்ணியில வைக்கக் கூடாது. மாதாவுக்கே நான் பதில் சொல்லிக்கிறேன்." இத்தனை தூரம் வந்தது இதற்குத்தானே என்று அருளானந்தம் மாமா தயங்கினார். அம்மா ஒன்றும் யோசிக்கவில்லை. "அவன் பேர்ல நான் எறங்கறேன்" என்று பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே வரும்போது உதடு நீலம். முகத்தில் ஒரு திருப்தி, கடையில் சரியான சாமான் கிடைத்ததுபோல.

சாயந்தரம் அம்மாவுக்கு நடுக்கம். மூன்று கம்பளி. "டாக்டரக் கூப்புடுங்க" என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "என்ன பாக்கறீங்க? ரவூப் தம்பி நம்பர் குடுத்திருக்குல்ல? சும்மாவா கையெழுத்துப் போட்டேன்?"

மாமா தொலைபேசியில் பேசினார். ஒரு மணி நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். இளைஞர், என் வயதுதான் இருக்கும். அவருடைய பிரெஞ்சை விடுதிக்காரரின் மகள் ஆங்கிலத்தில் சொல்ல, மாமா அதைத் தமிழில் சொன்னார். டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், வெப்பமானியை விளக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். எங்கே வலி என்று கேட்டார்.

அம்மா கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினார். அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த என்னை. என் காலை.

"அங்க."

விடுதிக்காரரின் மகள் மொழிபெயர்க்கத் தெரியாமல் நின்றாள். மாமா, "அந்தோனியம்மா, டாக்டர் உன் ஒடம்பக் கேக்கறார்" என்றார்.

"அதத்தான் சொல்றேன். எனக்கு நோவு அங்கதான். பாக்கச் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு என் முன்னால் தரையில் மண்டியிட்டார். எந்தக் காப்புறுதி என்று கேட்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். எத்தனை நாளாக? நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். சர்க்கரை மிக அதிகம். ஊசி போட்டார், மருந்து எழுதினார், ரூபி ஆன்ட்டியிடம் தினமும் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கொருவர் பாஷை தெரியாமலே சொல்லிக் கொடுத்தார். விரல் போகலாம் என்றார். பாதம் தப்பும், ஊர் சேர்ந்த அன்றே ஆஸ்பத்திரியில் படுத்தால். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நமக்கு அதன் மீதி தெரியும்.

அவர் போன பிறகு அம்மா கம்பளிகளை மடித்து வைத்துவிட்டு எழுந்து கஞ்சி கேட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று ரூபி ஆன்ட்டியிடம் தனியாகக் கேட்டேன். "உங்கம்மா ஒடம்பு. எங்கிட்ட ஏன் கேக்கறே?" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "தண்ணி ஜில்லுனு இருந்துச்சு லா" என்றார்.

இரவு டிக்கெட்டைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். என் பெயரைப் பார்த்தேன். சரியாக அச்சடித்திருக்கிறார்கள். காசெல் அறைச் சாவியை அங்கே வீட்டுக்காரருக்குத் தபாலில் அனுப்ப உறை வாங்கிவிட்டேன். அங்கே எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. தேய்த்த லென்ஸ் ஒன்று மட்டும் சட்டைப்பையில் இருக்கிறது, உனக்கு.

நாளை மறுநாள் ரோம். நான் விடுதியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. புதன்கிழமை விமானம். வியாழன் சாங்கி வந்து சேருவோம். இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன், அதற்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

நீ அம்மாவின் முழங்காலுக்காக விமான நிலையத்தில் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பாய். அம்மா நடந்துவிடுவார்.

ஒரு சக்கர நாற்காலி சொல்லி வை. யாருக்கு என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்.

அண்ணன்,
ஆம்ப்ரோஸ்